இரண்டு வினாடிக்கு மேற்பட்ட மௌனம்

வியாழக்கிழமை மாலை ஆறே கால் மணிக்கு அவள் அழைத்தாள். நான் வேலையிலிருந்து வந்து, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, சத்தமே வரலையாம். திருப்பி அனுப்பிட்டாங்க."

"எது?"

"ஸ்லைடுதான் லா. கடைசிப் பாடம். திங்கட்கிழமை அஞ்சு மணிக்குள்ள மறுபடி அனுப்பணுமாம். அதுக்கப்புறம் வாங்க மாட்டாங்களாம்."

அவள் ஈப்போவுக்குப் பக்கத்தில் லகாட்டில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி வளர்ந்தவள். என்னைவிட ஒன்பது வயது இளையவள். கல்யாணமாகி சிலிம் ரிவர் பக்கம் போனவள், அங்கே ஒரு தோட்டத்துப் பாலர் பள்ளியில் பதினோரு வருடமாக ஆசிரியை. ரப்பர் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்துவிட்ட தோட்டம் அது. முன்பு தோட்டத்து எழுத்தரான கிராணி குடியிருந்த பலகை வீட்டில்தான் பள்ளி நடக்கிறது. டிப்ளோமா இல்லாதவர்களை இனி வைத்துக்கொள்ள முடியாது என்று பள்ளியை நடத்தும் அம்மாள் அவளிடம் சொல்லியிருந்தார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தத்தோடுதான் சொன்னாராம். அதனால் அவள் நாற்பது வயதுக்கு மேல், வார இறுதிகளில் மட்டும் வகுப்பு நடக்கும் ஒரு டிப்ளோமாவில் சேர்ந்தாள். மற்ற எல்லாப் பாடங்களிலும் தேறிவிட்டாள். மிஞ்சியது ஒன்று. பிள்ளைகளுக்கு நடத்தும் ஒரு கணக்குப் பாடத்தை ஸ்லைடுகளாகச் செய்து, தன் குரலைச் சேர்த்து, பத்து நிமிடத்துக்குள் அடக்கிக் கல்லூரியின் தளத்தில் ஏற்றவேண்டும். அதில் தேறாவிட்டால் வருடக் கடைசியோடு அவள் வேலை போய்விடும்.

என்னை அழைத்ததற்குக் காரணம் உண்டு. ஈப்போவில் ஒரு பயிற்சி நிறுவனத்தில் எனக்கு இதுதான் வேலை. தொழிற்சாலைகளுக்கான பாதுகாப்புப் பாடங்களை ஸ்லைடுகளாக்கி, குரல் சேர்த்து, வீடியோவாக வெளியிடுவது. வருகிற பழுதுகளை ஒரு நீள நோட்டில் எழுதி வைப்பேன். ஒரு பத்தியில் அறிகுறி, அடுத்ததில் காரணம், மூன்றாவதில் தீர்வு. நாட்குறிப்பு தனி. அன்றைய நாட்குறிப்பில் மட்டும் இரண்டையும் கலந்து எழுதியிருக்கிறேன்.

சத்தம் வராததற்குக் காரணம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. அவள் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் தனியாகக் குரலைப் பதிவு செய்து, அந்த ஒலிக்கோப்புகளை ஸ்லைடுகளோடு இணைத்திருந்தாள். இணைத்திருந்தாளே தவிர உள்ளே வைக்கவில்லை. ஒலி முழுவதும் அவளுடைய மடிக்கணினியில் வேறொரு கோப்புறையில் இருந்தது. அவள் அனுப்பியது ஸ்லைடுகளை மட்டும். அவளுடைய கணினியில் எல்லாம் பேசும். கல்லூரியின் கணினியில் ஊமை.

"அந்தக் கோப்புறையை அப்படியே எனக்கு அனுப்பு. நான் உள்ள வச்சு வீடியோவாக்கித் தர்றேன்" என்றேன்.

"அவ்வளவுதானாக்கா? நான் மத்தியானத்திலேர்ந்து சோறே திங்கல."

"போய்ச் சாப்பிடு."

சுலபமாகச் சொல்லிவிட்டேன். ஒலிக்கோப்புகள் வந்ததும் கேட்டுப் பார்த்தேன். முதல் ஸ்லைடில் குரல் தெளிவாக இருந்தது. இரண்டாவதில் பாதியில் தேய்ந்து, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகி, மறுபடி திடீரென்று பெரிதாக வந்தது. மூன்றாவதிலும் அப்படியே. நான்காவதில் ஒரு வாக்கியம் முழுவதும் காணோம். ஒலியை உயர்த்தினால் மின்விசிறியின் இரைச்சலும் எங்கோ ஒரு சேவலும் உயர்ந்தனவே தவிர, அவள் குரல் மேலே வரவில்லை.

வெள்ளிக்கிழமை முழுவதும், வேலைக்கு நடுவே, அவளைத் தொலைபேசியிலேயே ஆட்டிவைத்தேன். கணினி தானாக இரைச்சலைக் குறைக்கும் வசதி சில சமயம் பேசுபவரின் குரலையும் விழுங்கும், அதை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினாள். பழுது போகவில்லை. மைக்கின் அளவைக் கூட்டச் சொன்னேன். கூட்டினாள். போகவில்லை. மின்விசிறியை அணைத்துவிட்டுப் பதிவு செய்யச் சொன்னேன். வேர்த்துக் கொட்டியது என்றாள். பழுது மட்டும் இருந்த இடத்தில் இருந்தது.

"வாய்க்கும் மைக்குக்கும் எவ்வளவு தூரம்?"

"ஒரு முழம் இருக்கும்."

"எப்பவுமா?"

"எப்பவும்தான் லா. கணினி எங்கக்கா போவும்?"

மாலையில் நோட்டில் 'காரணம்' என்ற பத்தியில் ஆறு வரி எழுதி ஆறையும் அடித்திருந்தேன். ஒரே ஒரு வழிதான் மிச்சம். அவள் பதிவு செய்வதை நேரில் பார்க்கவேண்டும்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பி ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தேன். விடுமுறை ஆனதால் பள்ளியில் வேறு யாரும் இல்லை. அவள் தேத்தண்ணி கலந்து கொடுத்தாள். பிள்ளைகளின் குட்டி மேசைமேல் மடிக்கணினி திறந்திருந்தது. சுவரில் பாடத்துக்கான பெரிய படம். இரண்டு தட்டுகள், ஒன்றில் மூன்று ரம்புத்தான் பழம், மற்றதில் ஐந்து. எது அதிகம், எது குறைவு என்பது பாடம். அதே படத்தைப் பிடித்துத்தான் ஸ்லைடிலும் போட்டிருந்தாள்.

"நீ எப்பவும் எப்படிச் செய்வியோ அப்படியே செய். நான் இல்லன்னு நெனச்சுக்கோ."

பதிவுப் பொத்தானை அழுத்தினாள். நிமிர்ந்தாள். "வாங்க, இங்க பாருங்க, இந்தத் தட்டுல என்ன இருக்கு?" என்று சொல்லிக்கொண்டே எழுந்து, கணினிக்கு முதுகைக் காட்டியபடி சுவருக்குப் போனாள். முதல் தட்டைத் தொட்டாள். குனிந்து இரண்டாவது தட்டைத் தொட்டாள். சுவரைப் பார்த்தே மூன்று வாக்கியம் பேசினாள். பிறகு திரும்பி, மேசைக்கு வந்து, நல்ல கணீரென்ற குரலில், "சரியா?" என்றாள்.

நான் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். அடக்க முடியவில்லை.

"என்னாக்கா?"

"நீ எங்க போன?"

"எங்கயும் போவலையே."

"சுவர் வரைக்கும் போயிட்டு வந்த."

திரும்பிச் சுவரைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். "ஆமாவா?" என்றாள். பதினோரு வருடம் நின்று, நடந்து, சுவரைத் தொட்டுப் பாடம் சொன்னவள். இந்தப் பாடத்துக்குச் சுவர் தேவையில்லை, படம் ஸ்லைடிலேயே இருக்கிறது என்பது அவள் மூளைக்குத் தெரியும். கால்களுக்குத் தெரியவில்லை. நான் வெள்ளிக்கிழமை முழுவதும் கணினியின் உள்ளே தேடிய பழுது அறைக்குள் நடந்துகொண்டிருந்தது.

உட்கார்ந்தே பேசச் சொன்னேன். பேசினாள். ஒலி குறையே இல்லாமல் வந்தது. ஆனால் அது அவள் குரல் இல்லை. அவளே கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"பேங்க் மெஷின் பேசுற மாதிரி இருக்கு. காச எடுத்துக்கங்க, கார்ட எடுத்துக்கங்கன்னு."

"மார்க்குக்கு இது போதும்."

"இதக் கேட்டா எங்க புள்ளைங்க வீட்டுக்குப் போயிருங்க."

சரி, அவள் நடக்கட்டும், மைக் அவளோடு போகட்டும் என்று முடிவு செய்தேன். என் பையில் கம்பியோடு கூடிய காதொலிப்பான் இருந்தது. அதை அவள் தொலைபேசியில் செருகி, தொலைபேசியை அவள் இடுப்பில் சொருகி, கம்பியிலுள்ள சின்ன மைக்கை ஓர் ஊக்கால் சுடிதாரின் கழுத்தருகே குத்தினேன். துப்பட்டா உரசியது. அதைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். மறுபடி பதிவு. குரல் அருமையாக வந்தது. ஆனால் அவள் குனியும்போதெல்லாம் 'டிக்' என்று ஒரு சத்தம். கம்பியை மாற்றிப் பார்த்தேன். டிக். ஊக்கை மாற்றினேன். டிக். மூன்றாவது முறை அவளே கண்டுபிடித்தாள்.

"தாலிக்கா."

குனியும்போது தாலி முன்னால் ஆடி மைக்கின்மேல் மோதியது. கழற்று என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அவள் சங்கிலியை உள்ளே விட்டு, மேலே ஒரு கைக்குட்டையை மடித்து வைத்து, இன்னோர் ஊக்கால் குத்திக்கொண்டாள். மைக்கை வலது தோளுக்கு ஏற்றினேன். டிக் போனது. இந்தப் பழுது எங்கள் அலுவலகத்தில் வந்ததில்லை. அங்கே குரல் கொடுப்பவர் ஓர் ஆண்.

பிறகும் ஒரு தடங்கல். வெற்று அறையைப் பார்த்துப் பேச அவளுக்கு வரவில்லை.

"அக்கா, நீங்க உக்காருங்களேன், அந்தக் குட்டி நாற்காலியில."

உட்கார்ந்தேன். முழங்கால் முகவாய்க்கு வந்தது. அவள் என்னைப் பார்த்து, "இந்தத் தட்டுல எத்தன பழம் இருக்கு? எண்ணிப் பாருங்க" என்றாள். அப்புறம் பேசாமல் நின்றாள். நான் மனத்துக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. தலையை ஆட்டினேன். "மூனு. கெட்டிக்காரப் புள்ள" என்றாள். ஐம்பத்து மூன்று வயதில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பன்னிரண்டு ஸ்லைடுகளையும் ஒன்றரை மணிக்குள் முடித்தோம். நான் ஈப்போ திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, குளித்துச் சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். ஒலிகளை ஒவ்வொன்றாக ஸ்லைடுகளுக்குள் வைத்தேன். மொத்த நீளம் பதின்மூன்று நிமிடம் இருபது வினாடி. மூன்று நிமிடத்துக்கு மேல் குறைக்கவேண்டும். எங்கள் அலுவலகத்தில் இதற்கு ஒரு விதி உண்டு. இரண்டு வினாடிக்கு மேல் மௌனம் இருக்கக்கூடாது. இருந்தால் பார்ப்பவர்கள் ஒலி அறுந்துவிட்டது என்று நினைத்துப் புகார் எழுதுவார்கள். அந்த விதிப்படியே போனேன். ஒலியின் அலைக்கோட்டில் எங்கெல்லாம் தட்டையாகக் கிடந்ததோ அங்கெல்லாம் வெட்டினேன். நாற்பத்தொரு இடம். வெட்டிய தடம் தெரியாமல் ஒட்டுவதில் எனக்குக் கை பழக்கம் உண்டு. பன்னிரண்டே காலுக்கு எல்லாம் முடிந்தபோது ஒன்பது நிமிடம் முப்பத்தைந்து வினாடி. எனக்குத் திருப்தியாக இருந்தது. அவளுக்கு அனுப்பினேன்.

ஒரு மணி நேரம் கழித்து அழைத்தாள்.

"நல்லா இருக்குக்கா. சத்தம் ரொம்பத் தெளிவா இருக்கு."

"நேரமும் சரியா வந்திருச்சு."

"ஆமா." கொஞ்சம் தயங்கினாள். "அக்கா, புள்ளைங்க எப்பப் பதில் சொல்லும்?"

எனக்குப் புரியவில்லை.

"எத்தன பழம், எண்ணிப் பாருங்கன்னு கேக்குறேன். உடனே மூனுன்னு நானே சொல்லிர்றேன். அதுங்க எங்க எண்ணுச்சு?"

"பாக்கப் போறவங்க விரிவுரையாளர் லா. அவங்களுக்கு எண்ணத் தெரியாதா?"

"அவங்களுக்குத் தெரியும். ஆனா இது புள்ளைங்களுக்கு எடுக்குற பாடம். என் வகுப்புல ஒரு பொண்ணு இருக்கு. கேட்டா, வெரல மடக்கி, உதட்ட அசச்சு, அப்புறம் மறுபடி மொதல்லேர்ந்து எண்ணித்தான் வாயத் தொறக்கும். நான் காத்திருந்தா சரியாச் சொல்லும். காத்திருக்கலன்னா அழுதுரும். இதுல நான் அவள அழ வச்சிட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. மூன்று மணி நேர வேலை. போக வரப் பெட்ரோல் போட்டு இருநூறு கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். "பத்து நிமிஷத்துக்கு மேல போனா வாங்க மாட்டாங்க. பாடம் முக்கியமா, பாஸாவுறது முக்கியமா?" என்று கேட்டேன். 

"நான் யோசிச்சுட்டுக் கூப்புடுறேன்க்கா" என்று வைத்துவிட்டாள்.

சாப்பிட்டேன். தட்டைக் கழுவினேன். பிறகு கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, பழுது பார்ப்பவளாக இல்லாமல், அந்தக் குட்டி நாற்காலியில் இருந்தவளாகக் கேட்டுப் பார்த்தேன். எத்தனை பழம் என்று கேட்டாள். நான் எண்ணத் தொடங்கி இரண்டுக்கு வருவதற்குள் "மூனு" என்று விடை வந்துவிட்டது. அடுத்த கேள்வியிலும் அப்படியே. நான்காவது கேள்வியில் எண்ணுவதையே விட்டுவிட்டேன். எப்படியும் அவளே சொல்லிவிடுவாள். வெட்டிய நாற்பத்தொரு இடங்களில் சில அவள் மூச்சு வாங்கிய இடங்கள், சில தாளைப் புரட்டிய இடங்கள். மற்றவையெல்லாம் அவள் என்னைப் பார்த்தபடி நின்ற இடங்கள்.

நானே அழைத்தேன்.

"நீ சொன்னது சரி. மௌனத்தத் திருப்பி வச்சிர்லாம். ஆனா வேற எதையாவது எடுக்கணும். மூனே கால் நிமிஷத்துக்கு மேல."

"எதுன்னு எனக்குத் தெரியும்க்கா. மொதல் ஸ்லைடு."

முதல் ஸ்லைடில் அவள் வணக்கம் சொல்லியிருந்தாள். மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் அவர்களே, துணை முதல்வர் அவர்களே, பாட விரிவுரையாளர் அவர்களே, பாலர் பள்ளியின் பொறுப்பாளர் அவர்களே, பெற்றோர்களே, சக மாணவர்களே என்று வரிசை தவறாமல் ஒரு நிமிடம் பத்து வினாடி. எங்கள் ஊர்க் கூட்டங்களில் இது இல்லாமல் எவரும் வாய் திறப்பதில்லை. எனக்கும் அதை வெட்டத் தோன்றவே இல்லை. அதைப் பழுதாக நான் எண்ணவில்லை.

"மரியாதை இல்லன்னு நெனைக்க மாட்டாங்களே?"

"எல்லாருக்கும் வணக்கம்னு ஒரு வரி இருக்கட்டும்."

"சரி. மூச்சு வாங்குனது, தாளு பெரட்டுனது அதெல்லாம் எடுத்துருங்க. அது போதுமா?"

கணக்குப் போட்டேன். இன்னும் ஒன்றேகால் நிமிடம் இடித்தது. பாடத்தின் நோக்கங்களை விளக்கும் ஒரு ஸ்லைடு இருந்தது. அதன் நீளம் ஒரு நிமிடம் இருபது. ஆனால் கல்லூரி கொடுத்த மதிப்பெண் தாளில் அதற்கு மட்டும் பத்து மதிப்பெண். தேற ஐம்பது வேண்டும். நான் அதைச் சொன்னேன். எடு என்றும் சொல்லவில்லை, எடுக்காதே என்றும் சொல்லவில்லை. வேலை அவளுடையது.

"பத்தா" என்றாள். எதிலோ விரலால் தட்டும் சத்தம் கேட்டது. "எடுத்துருங்கக்கா. மத்ததுல அம்பது வராமயா போவும்."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சிட்டேன். நோக்கத்தச் சொல்லிட்டு அதச் செய்யாம விட்டா என்னா பாடம் அது."

மாலை ஆறு மணிக்குப் புதிய வடிவம் தயார். ஒன்பது நிமிடம் ஐம்பத்திரண்டு. வீடியோவாக வெளியிட்டபோது மூன்று பழுதுகள் வந்தன. ஸ்லைடு மாறும்போது சுழன்று மறைகிற அலங்காரத்தை அவள் வைத்திருந்ததால் ஒவ்வொரு ஸ்லைடிலும் முதல் சொல் பாதி விழுங்கப்பட்டது. அலங்காரத்தை நீக்கினேன். ஏழாவது ஸ்லைடில் வெளியீடு அப்படியே நின்றுவிட்டது. அதன் ஒலிக்கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றியதும் நகர்ந்தது. கோப்பின் அளவு தளத்தின் எல்லைக்கு மேல் போனது. படத்தின் தரத்தை ஒரு படி இறக்கினேன். ரம்புத்தான் கொஞ்சம் மங்கியது. எண்ண முடிந்தது.

தோட்டத்தில் இணையம் மெதுவானதால் திங்களன்று நானே ஈப்போவிலிருந்து ஏற்றுவதாக ஏற்பாடு. மதிய உணவு நேரத்தில் அவள் கணக்குக்குள் நுழைந்தபோது, அவளுடைய தொலைபேசிக்கு ஓர் எண் அனுப்பியிருப்பதாகவும் அதைத் தரும்படியும் தளம் கேட்டது. அழைத்தேன். எடுக்கவில்லை. வகுப்பு முடியும்வரை தொலைபேசியை அலமாரியில் பூட்டி வைப்பது அவள் வழக்கம். அதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. எண் காலாவதியானது. மறுபடி கேட்டேன், மறுபடி காலாவதியானது. மூன்றாவது முறை தவறினால் கணக்கு ஒரு நாளைக்குப் பூட்டப்படும் என்று சிவப்பில் எழுத்து வந்தது. கையை எடுத்துவிட்டேன். என் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது.

பன்னிரண்டு நாற்பதுக்கு அவளே அழைத்தாள்.

"ஏழு தடவ கூப்புட்டிருக்கீங்க. போச்சாக்கா?"

"போவல. இப்ப ஓர் எண் வரும். பாத்து, பெலான் பெலான், மெதுவாச் சொல்லு."

எண்ணைச் சொன்னாள். திரும்பவும் சொல்லச் சொன்னேன். சொன்னாள். கதவு திறந்தது. ஒன்று ஐந்துக்குக் கோப்பு ஏறி முடிந்தது. நான் எதையும் ஏற்றியதோடு விடுவதில்லை. தளத்திலிருந்து திரும்ப இறக்கி, வேறொரு கணினியில் முழுவதும் ஓட்டிக் கேட்டேன். பதினோரு ஸ்லைடுகளிலும் குரல் இருந்தது. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, "சத்தம் அறுந்துபோச்சு போலிருக்கே" என்றார்.

"அறுந்து போவல. எண்ணுங்க" என்றேன்.

முடிவு வர மூன்று வாரமானது. அந்த மூன்று வாரமும் நான் அவளை அழைக்கவில்லை. எடுக்கச் சொன்னவள் அவள்தான் என்றாலும், அந்த ஸ்லைடை எடுத்த கை என்னுடையது. தேறாமல் போயிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. இரண்டு மூன்று விதமாக யோசித்து வைத்தேன். எதுவும் நன்றாக இல்லை.

ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு அழைப்பு வந்தது. பின்னால் பிள்ளைகளின் இரைச்சல்.

"அம்பத்தி நாலு" என்றாள்.

"பாஸா?"

"பாஸ்தான். நாலு கூடவே இருக்கு. பொறுப்பாளரம்மாகிட்ட சொல்லிட்டேன். அடுத்த வருஷத்துக்குப் பேரு எழுதிட்டாங்க." தாளை விரிக்கும் சத்தம் கேட்டது. "கீழ எழுதியிருக்காங்க, படிக்கிறேன் கேளுங்க. நோக்கங்கள் விளக்கப்படவில்லை. பாடம் நடத்தும் வேகம் போதாது."

"வேகம் போதாதா?"

"அதான் எழுதியிருக்கு. ஒலி தெளிவாக உள்ளதுன்னும் எழுதியிருக்கு. அது உங்களுக்கு."

அந்த வரிக்காக எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. வேகத்தைப் பற்றி எழுதியவரிடம் ஒரு வார்த்தை பேசவேண்டும்போல் இருந்தது. "நீ பதில் எழுதப் போறியா?" என்று கேட்டேன்.

"எதுக்குக்கா? அவங்க கேக்குற வேகத்துல போனா இன்னும் பத்து மார்க்கு வந்திருக்கும். எனக்குத் தேவ அம்பதுதானே."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். டீச்சர், டீச்சர் என்று இரண்டு மூன்று குரல். பிள்ளைகளைக் கைகழுவ வரிசையில் நிறுத்தும் நேரமாம்.

"வைக்கிறேன்க்கா. கொழாயில தண்ணி வேற நிக்கப் போவுது" என்றாள்.